லோ சோடியம் உப்பு: வாங்கலாம், பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு

லோ சோடியம் உப்பு வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, வீட்டில் யாருக்காவது கிட்னி பிரச்சினை இருக்கிறதா என்பதுதான். இல்லை என்றால் தாராளமாக வாங்குங்கள் என்பேன். இருக்கிறது என்றாலோ, தெரியவில்லை என்றாலோ, டாக்டரைப் பார்க்கும்வரை அந்தப் பாக்கெட் கடையிலேயே இருக்கட்டும். இந்த ஒரு பத்தியோடு படிப்பதை நிறுத்திக்கொள்பவர்களுக்கும் இது போய்ச் சேர வேண்டும் என்பதால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பாளையங்கோட்டையில் நான், கணவர், மாமியார் மூன்று பேர். அத்தைக்கு எண்பது தாண்டிவிட்டது. வெகுகாலமாக பிபி மாத்திரை சாப்பிடுகிறார். பிறந்து வளர்ந்தது தூத்துக்குடிப் பக்கம், உப்பளத்தில் வேலை பார்த்த குடும்பம். கல்லுப்பைக் கையால் அள்ளிப் போட்டுச் சமைத்தே பழகிய அவர் இருக்கும் வீட்டில் வேறு உப்பைக் கொண்டுவருவது சாதாரண விஷயம் இல்லை. அதனால் வாங்குவதற்கு முன் நிறையப் படித்தேன்.

பிராண்டு பெயர் எதையும் இதில் சொல்லப்போவதில்லை. சில கம்பெனிகளின் பாக்கெட்டுகளை வாங்கிப் பார்த்துவிட்டேன். எல்லாவற்றிலும் முக்கியமாக இருப்பது இரண்டே பொருள்தான்: சோடியம் குளோரைடு, அதாவது நம் சாதா உப்பு, அதோடு கொஞ்சம் பொட்டாசியம் குளோரைடு. பொட்டாசியம் எவ்வளவு என்பதில்தான் பாக்கெட்டுக்குப் பாக்கெட் வித்தியாசம். அந்த அளவைத்தான் நான் மதிப்பிடுகிறேன்.

இந்தப் பொருள்மீது எனக்கு இவ்வளவு நம்பிக்கை வந்த காரணத்தைச் சொல்ல வேண்டும். உணவு பற்றி வரும் ஆராய்ச்சிச் செய்திகளில் பெரும்பாலானவற்றை நான் தள்ளி வைத்துவிடுவேன். நேற்று முட்டை கெட்டது, இன்று நல்லது. ஒரு வாரம் காபி இதயத்துக்கு உதவும், மறு வாரம் உதவாது. அந்த ஆய்வுகளில் பலவும், மக்களிடம் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டுவிட்டு, சில வருடம் கழித்து யாருக்கு நோய் வந்தது என்று எண்ணிப் பார்ப்பவை. முந்தாநாள் தொட்டுக்கொண்ட ஊறுகாய் எவ்வளவு என்று யாருக்கு நினைவிருக்கும்? அதுபோக, காய்கறி நிறையச் சாப்பிடுபவர் நடக்கவும் செய்வார், சிகரெட்டும் பிடிக்கமாட்டார். நன்மை எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

உப்பு விஷயத்திலேயே இந்தக் குழப்பம் நடந்திருக்கிறது. 2014ல் 17 நாடுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பார்த்த ஒரு பெரிய ஆய்வு, உப்பு மிகக் குறைவாகச் சாப்பிடுபவர்களுக்கும் ஆபத்து கூடுகிறது என்று சொன்னது. அவர்கள் உப்பை அளந்த விதத்தைப் பலர் கேள்வி கேட்டார்கள். ஒரே ஒரு தடவை பிடித்த சிறுநீரை வைத்து ஒருவர் தினமும் சாப்பிடும் உப்பைக் கணக்கிட்டிருந்தார்கள். நாள் முழுக்கச் சேகரித்த சிறுநீரில்தான் சரியான கணக்கு தெரியும். ஏற்கெனவே உடம்பு சரியில்லாமல் சாப்பாடு குறைந்தவர்களும் குறைவான உப்பு சாப்பிடுபவர்கள் வரிசையில்தான் வருவார்கள். அந்தச் சண்டை இன்னும் முழுசாக ஓயவில்லை.

2021ல் வெளிவந்த சீனக் கிராம ஆய்வு அந்த ரகம் இல்லை. நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழில் வந்தது. ஐந்து மாகாணங்களில் 600 கிராமங்கள், 20,995 பேர். ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்கள், அல்லது அறுபது வயதைக் கடந்து பிபி கட்டுக்குள் இல்லாதவர்கள். பாதிக் கிராமங்களுக்குக் குலுக்கல் முறையில் புது உப்பை இலவசமாகக் கொடுத்தார்கள்: 75 சதவீதம் சோடியம் குளோரைடு, 25 சதவீதம் பொட்டாசியம் குளோரைடு. மீதிக் கிராமங்கள் தங்கள் வழக்கமான உப்பையே பயன்படுத்தின. சராசரியாக நாலே முக்கால் வருடம் பின்தொடர்ந்தார்கள். புது உப்புக் கிராமங்களில் பக்கவாதம் 14 சதவீதம் குறைவு. மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய இதய, ரத்தக்குழாய் நிகழ்வுகள் எல்லாம் சேர்த்து 13 சதவீதம் குறைவு. எந்தக் காரணத்தாலானாலும் சரி, இறப்பு 12 சதவீதம் குறைவு. சமைக்கிறவர் கையில் இருந்த உப்பைத் தவிர வேறு எதையும் மாற்றச் சொல்லவில்லை. குலுக்கல் போட்டுப் பிரித்ததால், இவர்கள் நடந்தார்கள், அவர்கள் நடக்கவில்லை என்ற சாக்குக்கும் இடமில்லை. சாப்பாட்டு விஷயத்தில் இப்படி உயிரிழப்புவரை எண்ணிப் பார்த்து வந்த முடிவுகள் அபூர்வம். இதைப் படித்த அன்று என் பழைய மாணவி ஒருத்திக்குப் போன் செய்து அரை மணி நேரம் இதையே பேசிக்கொண்டிருந்தேன்.

அதற்கு முன்பே 2006ல் தைவானில் வந்த ஒரு ஆய்வும் என்னைக் கவர்ந்தது. முன்னாள் ராணுவத்தினர் தங்கியிருந்த முதியோர் இல்லம் ஒன்றில் ஐந்து சமையற்கூடங்கள். சில கூடங்களில் சாதா உப்பு, சிலவற்றில் பொட்டாசியம் கலந்த உப்பு என்று பிரித்துவிட்டார்கள். சாப்பிடுகிறவர் எதையும் யோசிக்க வேண்டாம். அவருக்கு வரும் சாப்பாடு எந்த அடுப்பில் வெந்தது என்பதே கணக்கு. பொட்டாசியம் உப்பு போட்ட கூடங்களில் சாப்பிட்டவர்களில் இதய நோயால் இறந்தவர்கள் கணிசமாகக் குறைவு. நம் நாட்டிலும் தெலங்கானாவின் சித்திப்பேட்டைப் பகுதிக் கிராமங்களில் பிபி உள்ள 502 பேரிடம் மூன்று மாதம் பார்த்திருக்கிறார்கள். 30 சதவீதம் பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பு. மேல் அளவு பிபி சராசரியாக 4.6 புள்ளி இறங்கியது. புளியும் காரமும் போட்டுச் சாப்பிடும் ஊரில் நடந்தது என்பதால் எனக்கு இது முக்கியமாகப் பட்டது.

இது ஏன் சீனாவிலும் நம் ஊரிலும் பலிக்கும், அமெரிக்காவில் அவ்வளவு எளிதில் பலிக்காது என்பதற்கும் காரணம் இருக்கிறது. அங்கே ஒருவர் சாப்பிடும் உப்பில் பெரும்பங்கு பிரெட், சீஸ், டப்பா உணவு, ஹோட்டல் வழியாக வருகிறது. நம் வீடுகளில் குழம்பிலும் கூட்டிலும் நாம் போடுவதுதான் பெரும்பகுதி. அதாவது இந்த விஷயத்தில் அதிகாரம் அடுப்படியில் நிற்பவர் கையில் இருக்கிறது.

இனி பாக்கெட்டுக்கு வருவோம். முன்பக்கத்தில் இதயப் படமும் பச்சை நிறமும் எல்லோரும் போடுகிறார்கள். திருப்பிப் பாருங்கள். 15 சதவீதம் சோடியம் குறைவு என்று சில, 30 சதவீதம் குறைவு என்று சில. ஒரு கணக்குப் போடுவோம். தேசிய அளவில் 2017-18ல் எடுத்த கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் ஒருவர் சராசரியாக ஒரு நாளைக்கு 8 கிராம் உப்பு சாப்பிடுகிறார். அதில் சுமார் 3,150 மில்லிகிராம் சோடியம் இருக்கும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச வரம்பு 2,000 மில்லிகிராம், அதாவது 5 கிராம் உப்பு. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியிலும் அதே 5 கிராம்தான். 15 சதவீதப் பாக்கெட்டுக்கு மாறினால் 3,150 என்பது 2,680 பக்கம் வரும். 25 சதவீதம் என்றால் 2,360. இரண்டுமே வரம்புக்கு மேலேதான். ஆகவே உப்பை மாற்றினால் மட்டும் போதாது, அளவையும் கொஞ்சம் குறைக்க வேண்டும். 25 சதவீத உப்பில் 8 கிராம் என்பது ஆறே முக்கால் கிராமாக இறங்கினால் போதும், வரம்புக்குள் வந்துவிடலாம். சாதா உப்பில் என்றால் 3 கிராமைக் குறைத்தாக வேண்டும். நாக்குக்கு எது எளிது என்று சமைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

என் சிபாரிசு, சோடியம் 25 சதவீதமாவது குறைந்த பாக்கெட். சீன ஆய்வில் கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்து பலன் தந்த அளவு அதுதான்.

சமையலில் எப்படி இருக்கிறது? பொட்டாசியம் குளோரைடுக்கு உப்புக் கரிப்போடு ஒரு பின்கசப்பு உண்டு. சாம்பார், புளிக்குழம்பு, மீன் குழம்பு, காரச் சட்னி எதிலும் அது தெரியவே தெரியாது. புளியும் மிளகாயும் மூடிவிடும். ரசத்தில் தெரியுமோ என்று பயந்தேன், தெரியவில்லை. தோசை மாவில் போட்டேன், வழக்கம்போலப் பொங்கியது. பிடிபடும் இடம் மோர்தான். வெயில் நேரத்தில் பெருங்காயம், கறிவேப்பிலை போட்டு நீர்மோர் கலக்கிக் கொடுத்தேன். இவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "மோரு ஒரு மாதிரி இருக்கே, புளிச்சுப் போச்சா?" என்று கேட்டார். நாக்கின் பின்பகுதியில், விழுங்கிய பிறகு, லேசாக உலோகத்தைத் தொட்ட மாதிரி ஒரு சுவை நின்றது. வெறும் சாதத்தில் நெய்யும் உப்பும் போட்டுப் பிசைந்தாலும், அவித்த முட்டையின் மேல் தூவினாலும் அதே கதை. இஞ்சியும் பச்சை மிளகாயும் தட்டிப் போட்டால் மோரிலும் அடங்கிவிடுகிறது. 15 சதவீதப் பாக்கெட்டில் இந்தச் சுவை வித்தியாசம் ஏறக்குறைய இல்லை; அதற்காகவே அந்த அளவில் நிறுத்துகிறார்கள் போல.

ஊறுகாய்க்கு நான் இதைப் போடுவதில்லை. நார்த்தங்காய் ஏற்கெனவே கசக்கும் காய், அதில் இன்னொரு கசப்பு வேண்டாம். எங்கள் வீட்டில் ஊறுகாயையே குறைத்துவிட்டோம், அப்பளமும் கருவாடும் அப்படித்தான். அடுப்படி உப்பை மாற்றிவிட்டு மோர்மிளகாயை நாலு நாலாகக் கடித்தால் பலன் இருக்காது.

எல்லோருக்கும் சொல்ல வேண்டிய ஒரு விஷயம், அளவு. இந்த உப்பு தூளாகத்தான் வருகிறது. கல்லுப்பில் கற்களுக்கு நடுவே காற்று நிற்கும். தூள் உப்பு ஸ்பூனில் நெருங்கி உட்காரும். ஒரு டீஸ்பூன் தூள் உப்பு சுமார் 6 கிராம். அதே ஸ்பூனில் கல்லுப்பு எடை குறைவு. கல்லுப்புக்குப் பழகிய கையால் அதே ஸ்பூன் கணக்கில் தூளைப் போட்டால், சோடியம் குறைந்த உப்பை வாங்கியும் சோடியம் குறையாமல் போய்விடும். அடுப்படித் தராசு இருந்தால் ஒரு மாதத்துக்குத் தேவையான உப்பை நிறுத்துத் தனி டப்பாவில் போட்டு வையுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். டப்பா சீக்கிரம் காலியானால் கை தாராளமாகப் போகிறது என்று தெரிந்துவிடும்.

அத்தைக்கு நான் எதையும் மறைக்கவில்லை. பாக்கெட்டைக் காட்டி விளக்கினேன். உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டி விரலால் தேய்த்துப் பார்த்தார், நாக்கில் வைத்தார், சிறிது நேரம் பேசவில்லை. "உப்புல என்னத்தயோ கலந்திருக்காங்கம்மா, அளத்துல வந்த உப்பு இப்படி இருக்காது" என்றார். உப்பளத்துக்காரர் நாக்கு சரியாகவே சொன்னது. குழம்பில் போட்டுக் கொடுத்தபோது ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். மோருக்கு மட்டும் அவருக்குக் கல்லுப்பு வேண்டும், ஒரு சிட்டிகை. அதை நான் மறுக்கவில்லை.

எங்கள் வீட்டில் பிபி எவ்வளவு இறங்கியது என்று கேட்பீர்கள். சொல்லமாட்டேன். இதே சமயத்தில் அத்தைக்கு மாத்திரை அளவையும் டாக்டர் மாற்றினார். எது எதனால் என்று மூன்று பேர் உள்ள ஒரு வீட்டில் பிரித்துப் பார்க்க முடியாது. அதற்காகத்தானே 600 கிராமங்கள் தேவைப்பட்டன.

இப்போது எச்சரிக்கை. பொட்டாசியம் உடம்புக்கு நல்லதுதான். சோடியத்தைச் சிறுநீரில் வெளியேற்ற உதவுகிறது, ரத்தக்குழாயைத் தளர்த்துகிறது. ஆனால் மிஞ்சும் பொட்டாசியத்தை வெளியே தள்ளுவது சிறுநீரகம். அது பலவீனமாக இருந்தால் பொட்டாசியம் ரத்தத்தில் ஏறி இதயத்துடிப்பையே குழப்பிவிடும். சீன ஆய்வில் கடுமையான சிறுநீரக நோய் உள்ளவர்களையும், பொட்டாசியத்தைத் தேக்கி வைக்கும் வகை நீர் மாத்திரை சாப்பிடுபவர்களையும் சேர்க்கவே இல்லை. அப்படிச் சலித்து எடுத்ததால்தான் அங்கே பொட்டாசியம் ஏறிய பாதிப்பு இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருந்தது. அந்த வகை நீர் மாத்திரைகளான ஸ்பைரோனோலாக்டோன், அமிலோரைடு சாப்பிடுபவர்கள் இந்த உப்பைத் தொட வேண்டாம். டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன், ராமிப்ரில், எனாலப்ரில் போன்ற பிபி மாத்திரைகளும் பொட்டாசியத்தைக் கொஞ்சம் தேக்குபவைதான். டாக்டரிடம் கேட்காமல் ஆரம்பிக்காதீர்கள். சர்க்கரை நோய் நீண்ட காலமாக உள்ளவர்களுக்குச் சிறுநீரகம் சத்தமில்லாமல் பழுதாகியிருக்கலாம்.

அத்தை சாப்பிடுவது டெல்மிசார்ட்டன். டாக்டரிடம் பாக்கெட்டையே கொண்டுபோய்க் காட்டினேன். "கிரியேட்டினின், பொட்டாசியம் ரெண்டும் பாத்துட்டு வாங்கம்மா, அப்புறம் சொல்றேன்" என்றார். கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை. இரண்டும் சரியாக இருந்தது. ஆரம்பித்த பிறகும் ஒருமுறை பொட்டாசியம் பார்க்கச் சொன்னார், பார்த்தோம். ரத்தப் பரிசோதனைக்கு ஆகும் செலவைப் பார்த்துத் தயங்காதீர்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் இந்த உப்பைப் பற்றி ஒரு வழிகாட்டி வெளியிட்டது. வீட்டுச் சமையலில் பொட்டாசியம் கலந்த உப்புக்கு மாறலாம் என்கிறது. ஆனால் அந்தப் பரிந்துரை பெரியவர்களுக்கு மட்டும். கர்ப்பிணிகள், குழந்தைகள், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் ஆகியோருக்கு இல்லை.

இதில் யாரும் பேசாத ஒன்று விருந்தாளி. என் நாத்தனார் கணவருக்குக் கிட்னி பிரச்சினை. அந்த அண்ணன் வருகிறார் என்றால் அன்று சமையல் முழுக்கக் கல்லுப்பில்தான், அதுவும் குறைத்து. டப்பாவின் மேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன், நான் இல்லாத நேரத்தில் வேறு யாராவது சமைத்தாலும் தெரிய வேண்டும் என்று. கல்யாண வீட்டிலோ மெஸ்ஸிலோ இந்த உப்பைப் போடுகிறவர்கள் கட்டாயம் சொல்லிவிட வேண்டும்.

இந்துப்பு பிபிக்கு நல்லது என்று வாங்கி வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். இளஞ்சிவப்பாக இருப்பதால் வேறு பொருள் ஆகிவிடாது. அதிலும் மிகப் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். பொட்டாசியம் மிகச் சொற்பம். அதோடு அயோடின் சேர்க்காத இந்துப்பும் கல்லுப்பும் சந்தையில் நிறைய. லோ சோடியம் பாக்கெட் வாங்கும்போதும் அயோடின் கலந்தது என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வயலில் பொட்டாஷ் போடும் ஒரு உறவினர், "அக்கா, இது நம்ம உரந்தானே, மூட்டையிலிருந்து எடுத்துக் கலந்துக்கலாமா?" என்று கேட்டார். சேர்மம் அதேதான். ஆனால் உரத் தரத்தில் உள்ள அழுக்குகள் வேறு, உணவுத் தரம் வேறு. கூடவே கூடாது.

விலையும் கிடைப்பதும்தான் எனக்குள்ள பெரிய மனக்குறை. சென்னையில் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் 300 கடைகளைப் பார்த்ததில் 28 சதவீதக் கடைகளில்தான் இந்த உப்பு இருந்தது. சூப்பர் மார்க்கெட்டுகளில் பாதிக்கு மேல், சின்ன மளிகைக் கடைகளில் வெறும் 4 சதவீதம். அப்போது விலை 100 கிராமுக்குச் சராசரி 5 ரூபாய் 60 பைசா. சாதா அயோடின் உப்பு 2 ரூபாய் 70 பைசா. எங்களைப் போல மூன்று பேர் வீட்டுக்கு மாதம் முக்கால் கிலோவுக்குள் ஆகும். அந்தக் கணக்கில் கூடுதல் செலவு இருபது ரூபாய்ச் சொச்சம். எனக்கு அது ஒரு பொருட்டில்லை. பிபி இருப்பதே தெரியாமல் கட்டட வேலைக்குப் போய், கஞ்சிக்கு ஊறுகாய் தொட்டுச் சாப்பிடுகிறவர் சூப்பர் மார்க்கெட்டுக்குள் போய் இதைத் தேடி எடுக்கமாட்டார். பொட்டாசியம் குளோரைடு பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருப்பதால் விலை ஒரு அளவுக்கு மேல் இறங்காது என்பது புரிகிறது. அதனால்தான் அரசு கை கொடுக்க வேண்டும் என்கிறேன். தமிழ்நாடு உப்புக் கழகம் 2014ல் அம்மா உப்பு என்று மூன்று வகை கொண்டுவந்தபோது, அதில் ஒன்று லோ சோடியம் உப்பு, கிலோ 21 ரூபாய். அன்றைக்கே யாரோ சரியாக யோசித்திருக்கிறார்கள். பிபி மாத்திரையை வீடு தேடிக் கொண்டுவந்து கொடுக்கும் நம் மாநிலத்தில், கிரியேட்டினின் பார்த்துவிட்டு அந்த மாத்திரைப் பையோடு அரைக் கிலோ உப்பையும் சேர்த்துக் கொடுக்க முடியாதா?

எங்கள் தெரு மளிகைக் கடைத் தம்பியிடம் கேட்டபோது, "யாரும் கேக்கிறதில்லையே டீச்சர்" என்றார். என் பேரைச் சொல்லி மாதம் கொஞ்சம் எடுத்து வைக்கச் சொன்னேன். இப்போது அடுத்த தெருவிலிருந்தும் இரண்டு வீட்டுக்காரர்கள் கேட்டு வாங்குகிறார்களாம். அந்த இரண்டு வீட்டுக்கும் போய்க் கிட்னி கேள்வியைக் கேட்டுவிட்டு வந்தேன்.